ஏரிக் கோடியில் உட்கார்ந்தவள்

கொட்டிக் கிழங்கைச் சுடும்போது சேறும் புகையும் கலந்த ஒரு கசப்பு வாடை வரும். மழை பொய்த்த அந்த மூன்று வருஷமும் எங்கள் ஊரில் அடுப்பு எரிந்த வீடுகளிலெல்லாம் அந்த வாடைதான். சித்தேரி மலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர். அதற்குக் கீழே ஏரி. ஏரிக்கரைக்கும் கீழே, தாழ்ந்த சமதரையில், ஊரின் மறுபாதியான கீழூர். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தப் பாளங்களைக் கடப்பாறையால் நெம்பித்தான் பெண்கள் கிழங்கு தோண்டினார்கள். யுத்த காலம், கடையில் தானியம் கிடையாது. அரூர் சாலையில் சர்க்கார் திறந்திருந்த "கஞ்சித் தொட்டி"யில் நின்றால் ஆளுக்கொரு அகப்பை ஊற்றுவார்கள். மாடுகளுக்கு அதுவும் இல்லை. கீழூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, கூரையில் வேய்ந்திருந்த பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டே தன் இரண்டு மாடுகளையும் உயிரோடு வைத்திருந்தாள். அவள் வீட்டுக்குள் படுத்தால் ஆகாசம் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் மழைக்குப் பயந்தவள் என் சின்னம்மா ஒருத்திதான். அம்மாவின் தங்கை, குப்பம்மா. கல்யாணமான கையோடு புருஷனுடன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள், யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் தனி ஆளாக மொரப்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். அங்கே அடைமழை பிடித்திருந்த ஒரு காலையில் அவள் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறாள். சாய்வின் மேலிருந்த மண் அப்படியே வழுக்கி இறங்கி, அவர்கள் குடியிருந்த "லயத்தை" மூடிவிட்டது. உள்ளே புருஷனும் இரண்டு பிள்ளைகளும். "மலை எறங்கி வந்துருச்சுக்கா" என்பதற்கு மேல் அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலை நின்றதால், நடுப்பகலில்கூட மலைக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாள்.

மூன்றாம் வருஷம் ஊர்ப் பெண்கள் "மழைச்சோறு" எடுத்தார்கள். வீடு வீடாக உப்பில்லாத சோறோ கூழோ வாங்கி, ஒரே சட்டியில் கலந்து, ஏரியின் நடுவில் வைத்து, ஊரை விட்டே போகப்போகிறோம் என்று ஒப்பாரி சொல்லி அழ வேண்டும். அதைக் கேட்டு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. நானும் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற சின்னம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கூப்புடாதீங்க. வந்துச்சுன்னா உங்க பேச்சுக்கு நிக்காது."

அத்தை ஆத்திரத்தோடு திரும்பினாள். "என் மாடு ரெண்டும் எலும்பாக் கெடக்குது. வாய வெச்சிக்கிட்டு சும்மா இரும்மா, குப்பம்மா."

ஐப்பசியில் மழை வந்தது. முதல் நாள் கிழவர்கள்கூடத் தெருவில் நின்று நனைந்தார்கள். மழை விடவில்லை. விறகுக்காக வெட்டி விற்று மலையை மொட்டையாக்கியிருந்தார்கள். பிடித்து நிறுத்த மரமில்லாததால் ஓடைகளெல்லாம் செக்கச் செவேலென்று நேராக ஏரிக்கு ஓடிவந்தன. ஏரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. நிறைந்த ஏரியின் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்குக் கரையின் ஓரத்தில் ஒரு கல் வாசல் உண்டு. எங்கள் பக்கத்தில் அதற்குக் "கோடி" என்று பெயர். அதன் வழியாகத் தண்ணீர் போகத் தொடங்கியதும் ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பாதான் முன்னால் நின்று, பனந்துண்டும் கல்லும் மண்ணும் போட்டு அந்த வாசலை அடைத்தார். "மூணு வருசமாக் காணாத தண்ணிடா. ஒரு சொட்டு வெளிய போவக் கூடாது" என்று அவர் கத்தியது இன்னும் எனக்குக் கேட்கிறது. மூன்று கோடை வெயிலில் கரையும் வெடித்திருந்ததை, எலி வளை கண்ட இடமெல்லாம் பொக்கையாகியிருந்ததை, யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் பிற்பகல், மலையிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து எங்கள் ஆட்டுப்பட்டியின் மேல் விழுந்தது. பெரிய கல் அல்ல. சின்னம்மா அதைப் பார்த்தாள். என் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கௌம்பு. இந்த வூடு ஆவாது."

"எங்கடி போறது, இந்த மழையில?"

"கீழூருக்கு. அங்க மலை இல்ல."

அப்பா ஏரிக்கரையில் இருந்தார். அம்மா கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு நடந்தாள்.

அத்தை எங்களைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே விட்டாள். ஒழுகாத மூலையில் எங்களுக்குச் சாக்கு விரித்து, கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். அன்றைக்குச் சின்னம்மா இரண்டாம் முறை வாங்கிக் குடித்தாள். அத்தை ஏதோ கேலி சொல்ல, அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏரிக்கரை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் தலைக்கு மேலே, கருத்த சுவர் போல நின்றது. அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தூரத்தில் மலை தெரிந்த திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் மழை சற்று விட்டிருந்தது. கரையின் அடியிலிருந்த வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் குமிழிட்டு ஊறியது. நான் அதில் காலை நனைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சத்தம். இடி போல இல்லை; பெரிய வண்டியிலிருந்து மண்ணைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். சின்னம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். "ஏறுங்க! பாறைக்கு ஏறுங்க!" என்று அலறிக்கொண்டே என்னை இழுத்து, நெல்லடிக்கிற பாறைக்களத்தின் மேல் வீசாத குறையாக ஏற்றினாள். அம்மா தம்பியோடு ஏறினாள். வந்தவர்கள் ஏறினார்கள். அத்தை பாதி தூரம் வந்தவள் நின்றாள்.

"மாடு கட்டிக் கெடக்குதே!"

சின்னம்மா அவள் முந்தானையை எட்டிப் பிடித்தாள். முந்தானை கிழிந்து கையோடு வந்தது. அத்தை திரும்பி ஓடினாள். பிறகு செம்மண் நிறத்தில் ஒரு சுவர் வந்தது. அதற்குப் பின்னால் கீழூர் இல்லை.

தண்ணீர் வடிந்தபின் அத்தையையும், அவளைப் போல இன்னும் சிலரையும், கீழ்க்காட்டுக் கற்றாழை வேலியில் கண்டெடுத்தார்கள். அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஓடுகூட நகரவில்லை. மலை அப்படியே நின்றது.

சாவுக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு சின்னம்மா அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

"நாந்தான் மாமா எல்லாரயும் அங்க கூட்டிக்கிட்டுப் போனேன். சிலோன்ல மலை வந்துச்சு. இங்க ஏரி வரும்னு எனக்குத் தெரியல."

அப்பா தலை நிமிரவில்லை. "அடைச்சது நான். எந்தங்கச்சி வூட்டு மேல நாந்தான் அடைச்சேன்" என்றார். அதன்பிறகு இரவெல்லாம் அப்பா இருமுவார்; அது இருமல் இல்லை என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

கோடையில் ஊரே சேர்ந்து கரையை மறுபடி கட்டியது. அடுத்த ஐப்பசியில் ஏரி நிறைந்தபோது, சாவு மறந்து, நாலைந்து பேர் கல்லும் பனந்துண்டும் சுமந்து கோடிக்குப் போனார்கள். வழிகிற தண்ணீரின் நடுவில், கல் வாசலில், சின்னம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னத் தூக்கிப் போட்டுட்டு அடைங்க."

பைத்தியம் என்றார்கள். தூக்கக் கை நீட்டினார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கல் சுமந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அவள் உயிரோடு இருந்தவரை, ஏரி நிறைந்த வருஷமெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தாள். கோடி அடைபடவே இல்லை.

இப்போது அந்த ஏரி இல்லை. பாதி சீமைக்கருவேலங்காடு, மீதியை மனை போட்டு விற்றுவிட்டார்கள். என் மகள் வாங்கிக் கட்டிய வீட்டில்தான் நான் இருக்கிறேன். சின்னம்மா உட்கார்ந்த கல் வாசல் எந்த வீட்டுக்கு அடியில் போயிற்றென்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. போன ஐப்பசியில் நல்ல மழை. பக்கத்து வீட்டுப் பெண் மாடியில் நின்று குழந்தைக்கு மழையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இந்தத் தண்ணி எந்தப் பக்கமா வெளிய போவும்மா?" என்று கேட்டேன்.

அவள் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தாள். "தெரியலீங்களே" என்றாள்.