கப்பல் விளிம்பு வரைக்கும் ஒரு தேங்காய்

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பிள்ளையார் கோவில் வாசலில் தேங்காய் உடைக்கும் கல் ஒன்று இருக்கிறது. கடல் வாணிபச் சட்டம் என்று யாராவது பேச்செடுத்தால், நான் சிரமப்பட்டுப் படித்த தடித்த புத்தகங்கள் ஞாபகம் வருவதில்லை. அந்தக் கல்தான் வருகிறது.

அப்போது நான் கறுவாப்பட்டை ஏற்றுமதி செய்யும் ஒரு முதலாளியிடம் கிளாக்கர். எஃப்.ஓ.பி. விற்பனையில், பொதி கப்பலின் விளிம்பைத் தாண்டும்வரை நட்டம் விற்றவனுக்கு; தாண்டிய பிறகு கடலோடு போனாலும் வாங்கியவனுக்கு. முதலாளி இந்த விதியைப் பிள்ளையாருக்கும் அறிவித்திருந்தார். பொதிகள் துறைமுகம் போகும் காலையில் ஒரு தேங்காய். விளிம்போடு அதன் பொறுப்பு முடிந்தது. கப்பல் கூலியும் காப்புறுதியும் எங்கள் செலவான சி.ஐ.எஃப். விற்பனைக்கு இரண்டு. அதிலும் ஆபத்து விளிம்பிலேயே கைமாறுகிறது, ஒன்றே போதும் என்று படித்த திமிரில் திருத்தினேன். “காப்புறுதிக்குப் பிறீமியம் நாங்கள்தானே கட்டுறம், தம்பி. ரெண்டாவது அதுக்கு” என்றார்.

வெள்ளவத்தையிலிருந்து கனடா போய், மனைவியின் நகையை விற்றுக் கடை போட்ட ஒரு பையன் எஃப்.ஓ.பி.யில் கறுவா வாங்கினான். ஊர் ஆட்கள்தானே என்று ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை. காப்புறுதியை நாங்கள் போட்டிருப்போம் என்று நினைத்துவிட்டான். கப்பல் புயலில் மாட்டி, சரக்கில் ஒரு பகுதி கடலில் போனதாகச் செய்தி வந்தபோதுதான், யாருமே போடவில்லை என்பது தெரிந்தது. தொலைபேசியில் அவன் குரல் உடைந்திருந்தது. சட்டப்படி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று முதலாளிக்கு விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

“ஓம், சட்டம் சரி” என்றவர் பையனை மறுபடி அழைத்தார். “சாமான் வராட்டி இன்னொருக்கா அனுப்புறன். வித்திட்டுக் காசைத் தா.” என் விளக்கம் முழுவதும் அந்த ஒரு அழைப்பில் மூழ்கியது. பிறகு கோவிலுக்குப் போய், விட்டுப்போன இரண்டாவது தேங்காயையும் உடைத்தார்.

கடலில் போனது வேறு யாருடையதோ சரக்கு; எங்கள் கறுவா நனையாமல் போய்ச் சேர்ந்தது. பையன் பிறகு வேறெவரிடமும் வாங்கவில்லை.

போன மாதம் என் மகள் படிக்கப் புறப்பட்டாள். விமான நிலையக் கண்ணாடிக் கதவைத் தாண்டினால் அவள் பாடு அவளுக்கு என்பது எங்கள் உடன்பாடு. “இனி நான் பாத்துக்கொள்ளுவன், நீங்கள் போங்கோ அப்பா” என்றாள். கதவு மூடிக்கொண்டது. திரும்பும் வழியில் காரைக் கொட்டாஞ்சேனையில் நிறுத்தச் சொன்னேன். சாமி கும்பிடாதவன் என்று பெயரெடுத்த நான் அந்தக் கல்லுக்கு முன்னால் இரண்டு தேங்காய் வாங்கினேன்.

“ஒண்டு போதாதோ ஐயா?” என்றார் கடைக்காரர்.

சி.ஐ.எஃப். என்றேன்.