செவ்வாய்க்கிழமை மட்டும் நொண்டாத கால்

செவ்வாய்க்கிழமைதோறும் பகல் ஒன்றரை மணிக்கு எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள். "கூட்டன் மோர்கன், சுகந்தி!" என்று ஏழெட்டுப் பெண்கள் செல்போனுக்குள்ளிருந்து கையசைப்பார்கள். ஜெர்மனியில் அப்போது காலை பத்து. இங்கே பாலக்கோட்டில் நான் களியும் கீரைக் குழம்பும் தின்றுவிட்டு, வருகிற ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, பதிலுக்குப் பல்லைக் காட்டுவேன். கீழே என் மாமியார் வீடு மொத்தமும் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கும். நான் மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறையில், காலியான பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி, கிரேடு என்பார்கள், ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, இன்னொன்றில் போனைச் சாய்த்து வைத்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். ஷீட்டின் அனல் தலையில் இறங்கும். அவர்களோ ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

ஜெர்மனியில் நானும் கணவரும் இருந்த ஊரில் பெண்களுக்கென்று ஒரு மையம் உண்டு. 'ஃப்ரௌவன்சென்ட்ரும்' என்பார்கள். ஒரு காலத்தில் பெண்ணுரிமைக்காகத் தெருவில் இறங்கிக் கத்தியவர்கள் இன்று எழுபது வயதில் அங்கே உட்கார்ந்து பின்னல் போடுகிறார்கள், கத்துவதையும் விட்டபாடில்லை. தையல், களிமண் வேலை, எழுத்துப் பட்டறை, எல்லாம் நடக்கும். கல்யாணமாகிப் போன புதிதில், நாலு சுவரையும் ஜன்னலில் தெரியும் டிராமையும் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிற நிலையில் இருந்தவளை, மொழி வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் ஆளுக்கொரு துணிப்பை தைத்து, அதில் நூலால் பெயர் போடச் சொன்னார்கள். நான் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரையும் சேர்த்துத் தைத்தேன். பட்டறை நடத்தும் ஸபீனே, "இவரும் தைக்க வருகிறாரா?" என்று அப்பாவியாகக் கேட்டாள். அவர் பெயரின் எழுத்துகளைப் பிரித்தெடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பாதியில் நிற்கும் வேலையைப் பையில் போட்டுச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம். மாட்டியவளைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது, அது அங்கே சட்டம். மூன்று வருடமாக வராத ஒருத்தியின் பைகூட இன்னும் தொங்குகிறது.

தையல் வரைக்கும் என் கணவருக்கு ஆட்சேபம் இல்லை. "டைம் பாஸ் ஆவுதில்ல, போ" என்றார். எழுத்துப் பட்டறையில்தான் வினை வந்தது. அவரவர் தாய்மொழியில் எழுதி, தெரிந்த ஜெர்மனில் அதைச் சொல்லலாம். நான் எங்கள் வீட்டைப் பற்றி எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை, கொத்தமல்லி வாங்கக்கூட அவரிடம் கேட்டுவிட்டு வெளியே போவதையும், போன இடத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்புவதையும் எழுதினேன். எழுதும்வரை எனக்கே அது சாதாரணமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் நோட்டு அவர் கையில் சிக்கியது. "நம்ம வூட்டு விஷயத்த அவங்ககிட்ட படிச்சுக் காட்டுறியா?" அவ்வளவுதான் கேட்டார். கத்தவில்லை. இரண்டே வாரத்தில், "அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்" என்று இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டார்.

சேலத்தில் ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் அவர் மட்டும் திரும்பிப் போனார். "அம்மா நல்லா நடக்கற வரைக்கும் கூட இரு" என்றார். என் பாஸ்போர்ட்டையும் ஜெர்மனியில் வசிக்கும் அனுமதி அட்டையையும், "பத்திரமா வைங்கம்மா" என்று அத்தையிடம் கொடுத்தார். அத்தை அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "சாப்ட்டியா சுகந்தி?", "வெயில்ல போவாத கண்ணு", எந்நேரமும் இதுதான். மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு கொண்டுபோகும் மாமா எனக்கென்று முறுக்கு வாங்கி வருவார். கதவு திறந்தேதான் கிடக்கிறது. பஸ் ஸ்டாண்டு பத்து நிமிட நடை. ஏறி எங்கே போவேன்? என் அம்மா வீடு பாப்பாரப்பட்டியில். அங்கே போனால், "மாமியாருக்கு ஒடம்பு முடியாதப்ப இங்க எதுக்குடி வந்த?" என்று சாயங்கால பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது. இவ்வளவு அன்பாக இருப்பவர்களிடம் அதை எந்த வாயால் சொல்வது?

நான் இங்கே வந்த ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஸபீனே போனில், "அடுத்த மாதக் கடைசிக்குள் நீ இங்கே இருக்க வேண்டும்" என்றாள். மையத்தின் வருடாந்தரக் கண்காட்சியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நமக்குத்தான் வர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வராதே! "வந்துவிடுகிறேன், வந்துவிடுகிறேன்" என்றேன். அவள் அதைச் சுவர்க் காலண்டரில் குறித்து, விமான நிலையத்துக்கு யார் கார் எடுத்து வருவது என்பது வரை முடிவு செய்துவிட்டாள். மறுவாரம், "டிக்கெட் எடுத்தாயா?" என்றாள். "நான் இல்லாமலே கண்காட்சியை நடத்துங்கள், பரவாயில்லை" என்றேன். "கண்காட்சியா?" என்று அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் என் அட்டை செல்லாது. அதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். என் கணவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அன்றைக்கு விரலில் ஊசி ஏறியதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"அத்தை, அடுத்த மாசக் கடைசிக்குள்ள நான் போயாவணுங்க" என்றேன்.

"போலாம் போலாம். இந்தக் கால் ஒண்ணு சரியாவட்டும்." சொல்லிவிட்டு உள்ளே நொண்டிக்கொண்டு போனார். வாசற்படி ஏறவே என் தோளைப் பிடிக்கிறவர்.

அடுத்த செவ்வாய், பட்டறை நடுவில் மாடிப்படியில் காலடிச் சத்தம். பார்த்தால் அத்தை, தன்னந்தனியாக. "இந்நேரத்துல யார்கூடச் சிரிச்சுக்கிட்டிருக்க?" என்று போனை எட்டிப் பார்த்தார். திரையில் ஹெல்கா இருந்தாள், மையத்தின் மூத்த உறுப்பினர். என் மாமியார், முட்டி ஆபரேஷன் ஆனவர் என்று நான் சொன்னதுதான் தாமதம், அவள் பேண்ட்டைச் சுருட்டித் தன் முட்டித் தழும்பைக் கேமராவில் காட்டினாள். அத்தை, "அடி ஆத்தா!" என்று வாயைப் பொத்தினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சேலையை முட்டி வரை தூக்கித் தன்னுடையதைக் காட்டினார். "எனக்குப் பதினெட்டுத் தையலு. அந்தம்மாவுக்கு எத்தனைன்னு கேளு." நான் சிரித்து முடித்த பிறகுதான் பொறி தட்டியது. "அத்தை, இருபது படி நல்லா ஏறிட்டீங்களே!" அத்தையின் முகம் சுண்டிப் போனது. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நொண்டி இறங்கினார்.

அதிலிருந்து செவ்வாய் தவறாமல் வந்தார். ஏறும்போது ஆசையில் நொண்ட மறந்துவிடும். இறங்கும்போது ஞாபகம் வந்துவிடும். அவரும் ஹெல்காவும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே சங்கிலித் தையல் போட்டார்கள். அத்தை தைத்த மாங்காய் டிசைனுக்கு அங்கே எல்லாரும் கைதட்டினார்கள். "இத்தன வருசத்துல எனக்குன்னு ஆரு கை தட்டியிருக்கா, சொல்லு" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

போன செவ்வாய் எழுத்துப் பட்டறை. இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வரியை எழுத வேண்டும். ஸபீனே அத்தையையும் எழுதச் சொன்னாள். அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, எழுத்தெழுத்தாக எழுதி என்னிடம் நீட்டினார். "படி."

'என் கால் எப்பவோ சரியாயிருச்சு.'

முதலில் தமிழில் படித்தேன், பிறகு ஜெர்மனில் சொன்னேன். அங்கே ஒரே ஆரவாரம்! "பிராவோ!" என்று ஹெல்கா தன் முட்டியைத் தட்டிக் காட்டினாள். நல்ல சேதி என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பறம் ஏங்க அத்தை இப்படி?"

"மொதல்ல எல்லாம் மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவான். நீ இங்க இருக்கவும் தெனமும் பண்றான். உன்ன அனுப்பிட்டேன்னா..." எழுந்து இறங்கிப் போனார், நொண்டிக்கொண்டு.

அன்று சாயங்காலம் அவர் மகன் அழைத்தார். ஸ்பீக்கரில், "கால் எப்படிம்மா இருக்குது?" நான் கையில் அந்தக் காகிதத்தோடு எதிரே நின்றேன். அத்தை காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் வலிக்குது கண்ணு."

நான் விடவில்லை. "சரியாயிருச்சுங்க. அத்தையே எழுதிக் குடுத்திருக்காங்க."

"அம்மாவே வலிக்குதுங்கறாங்க, நீ காயிதத்தத் தூக்கிட்டு வர்ற. எழுதறது உனக்கு ஒரு வியாதியாவே ஆயிருச்சு" என்று என் கணவர் போனை வைத்துவிட்டார்.

என் அட்டை செல்லாமல் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. என் பையின் படத்தை நேற்று ஸபீனே அனுப்பியிருந்தாள். அதே ஆணியில், என் பெயர் மட்டும் தைத்தபடி தொங்குகிறது. என்னைத் தவிர யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள். என் பாஸ்போர்ட் கீழே பீரோவில் இருக்கிறது. அத்தையைத் தவிர யாரும் அதை எடுக்க முடியாது. நாளை செவ்வாய். ஒன்றரை மணிக்கு நான் போனைக் கிரேடில் சாய்த்து வைத்துக் காலை வணக்கம் சொல்லும்போது, அத்தை நொண்டாமல் படியேறி வருவார், இடுப்பில் அந்தச் சாவியோடு.