செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் எங்கள் அக்கா

அன்பான உறவினர்களே, சபையாரே, தாங்கல் குடும்பத்தாரே, அக்காவிடம் கை நீட்டி பிரஷர் பார்த்துக்கொண்ட பெரியவர்களே,

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது, அக்கா இல்லாத முதல் வருடத்தை நாங்கள் எப்படியோ கடந்திருப்போம். நான் அவருடைய தங்கை, வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. எழுதப் பழக்கமில்லாதவள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சுசீந்திரத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவிலிருக்கும் எங்கள் சிற்றூரில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராக அக்கா பிறந்தார். அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். மில் பெல்ட்டில் அப்பாவின் வலது கை சிக்கியபோது அக்காவுக்குப் பதினேழு வயது. ஆஸ்பத்திரியில் அப்பாவுடன் இருந்த இருபது நாட்களில், அங்கிருந்த நர்சுகளைப் பார்த்துத் தானும் அந்த வேலைக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறார். படித்து முடித்து நாகர்கோவிலில் நான்கு வருடமும், பிறகு மஸ்கட்டில் பத்தொன்பது வருடமும் வேலை பார்த்தார். இரண்டு அண்ணன்மாரின் படிப்பும், என் படிப்பும் திருமணமும், நாங்கள் இன்று இருக்கும் வீடும் அந்த வருடங்களில் வந்தவை. தன் திருமணப் பேச்சு எழும்போதெல்லாம், "அடுத்த லீவுக்கு வரும்போ பாப்போம்" என்பார். பிறகு யாரும் கேட்பதை விட்டுவிட்டோம். அது எங்கள் குற்றம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த செய்தி கேட்டு ஒரு மாத விடுப்பில் வந்தவர், திரும்பிப் போகவில்லை. அம்மாவின் தலையணைக்கு அடியில் காலியான பிரஷர் மாத்திரை உறைகளைக் கண்டெடுத்தார். இரண்டு மாதமாக அம்மா மாத்திரை சாப்பிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த வழியே பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசு ஊழியப் பெண் ஒருவர் உண்டு. ஆனால் அவர் ஒருவருக்கே நான்கு ஊர். அம்மா, "மூட்டு வலிக்கி, அடுத்த வாரம் போவேன்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் ஒருநாளும் அந்த உறையைத் திறந்து பார்க்கவில்லை.

அம்மா ஒரு வருடம் படுக்கையில் இருந்து காலமானார். அடக்கம் முடிந்த மறுவாரம் அக்கா சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தார். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத இளம் டாக்டர்.

"நீங்க மாசத்துல ஒரு நாள் எங்க ஊருக்கு வந்தா போதும். மத்த வாரம் எல்லாம் நானும் உங்க ஊழியப் பெண்ணும் பாத்துக்கிடுவோம். எடம், ஆளு, வண்டி எல்லாம் எனக்க பொறுப்பு" என்றார் அக்கா.

அவர் பொறுப்பேற்ற எதுவும் அப்போது அவர் கையில் இல்லை.

எங்கள் தேவாலயத்துச் சபை மண்டபத்தைக் கேட்டபோது கமிட்டியில் ஒருவர், "கல்யாணம் நடக்க எடத்துல மூத்திர டெஸ்டா?" என்று கேட்டார். மூன்று கூட்டத்துக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை காலை மட்டும் கொடுத்தார்கள். அடுத்து வேறொரு சிக்கல். சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரும் பெரியவர்களுக்கு ரத்தம் எடுத்ததும் சாப்பாடு வேண்டும். அய்யாவழி மக்கள் வழிபடும் நிழல்தாங்கல் எங்கள் தெருவின் மறுமுனையில் இருக்கிறது. அங்கே பணிவிடை செய்யும் அண்ணாச்சியிடம் அக்கா போய்க் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. "கஞ்சியும் பயறும் நாங்க தாறோம் பிள்ளே" என்றார். சபையில் சிலர் அதை மண்டபத்துக்குள் கொண்டுவரக் கூடாதென்று முறைத்தார்கள். அக்கா மண்டபத்து வாசலில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, முதல் கிண்ணத்தைத் தானே வாங்கிக் குடித்தார். ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டு தம்பிமார் நான்கு பேர் நடக்க முடியாதவர்களை முறைபோட்டு ஏற்றிவந்தார்கள்.

இரண்டு வருடம் இப்படி நடந்தது. இனி எழுதப்போவது நம் குடும்பத்தில் யாரும் உரக்கப் பேசாத விஷயம்.

வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒரு மாமா செவ்வாய்தோறும் வருவார். தாங்கல் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு சுகர் மிக அதிகமாக இருந்தது. அன்று டாக்டரம்மா வந்திருந்தார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். அக்கா தன் கையால் எடுத்துக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். மழை விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். அந்த மாமாவின் மனைவி, எங்கள் மாமி, குடை இல்லாமல் ஓடிவந்தார்.

"எம்மா, ஓடி வா! அவியளுக்கு வேத்து வேத்து ஊத்துது. என்னைய ஆருன்னு கேக்காவ!"

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேரும்போது மாமாவுக்கு நினைவில்லை. அக்கா அவர் விரலில் குத்திப் பார்த்தார். கருவியில் சுகர் முப்பத்தொன்று என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. அக்காவின் முகம் மாறியதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். மாமி டம்ளரில் சீனித் தண்ணீர் கலக்கிவந்தார். "வாயில ஊத்தாதீங்க மாமி, மூச்சுக்குழல்ல போயிரும்" என்று தடுத்து, கொஞ்சம் தேனை அவர் ஈறில் தடவினார். ஆட்டோ வந்தது. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். மாமி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். சுற்றித்தான் போகவேண்டியிருந்தது.

"அவரு என்னென்ன மாத்திரை திங்காரு மாமி?" என்று அக்கா கேட்டார்.

மாமி இடுப்பிலிருந்த துணிப்பையை நீட்டினார். அதில் நாங்கள் கொடுத்த அட்டையும், நாகர்கோவிலில் ஒரு தனியார் டாக்டர் எழுதி மருந்துக்கடையில் வாங்கிய வேறோர் அட்டையும் இருந்தன. இரண்டிலும் வேறு வேறு பெயர். அக்கா இரண்டையும் கண்ணருகே கொண்டுபோய்ச் சின்ன எழுத்தைப் படித்தார். பிறகு என் கையில் வைத்து என் விரல்களை மூடினார்.

"பத்திரமா வச்சுக்க ஏட்டி. ரெண்டும் ஒரே மருந்தாக்கும்."

பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாமா கண் விழிக்கவில்லை. நான்காம் நாள் காலமானார்.

எண்பது வயதுக்காரர், பல வருடச் சர்க்கரை நோய். ஊர் அதையே பேசியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த இரண்டு அட்டையும் என் அலமாரியில் இருந்தன. அக்கா நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. துபாயில் இருந்த மாமாவின் மகன் வந்து, பதினாறாம் நாள் முடிந்ததும், எதனால் அப்பா போனார் என்று தெரிய வேண்டுமென்று தாங்கல் முற்றத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார்.

அங்கே எல்லாவற்றையும் சொல்லப்போவதாக அக்கா டாக்டரம்மாவுக்கும் சபைக் கமிட்டிக்கும் முன்பே தெரிவித்திருந்தார். அன்று மத்தியானம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "நீங்க வாய் தொறக்காண்டாம். சபைக்கும் தாங்கலுக்கும் சண்டையா ஆயிரும்" என்றார்கள். டாக்டரம்மா போனில் அழுதார். நானும் கெஞ்சினேன்.

"அக்கா, ஊருல ஆருக்கும் தெரியாதுல்லா. விட்டிரு."

"ஒனக்கும் தெரியும்லா மக்கா" என்றார். "அவிய ரெண்டு பெயரையும் பாத்து ரெண்டு மருந்துன்னு நெனச்சாவ. கேக்கவேண்டியவ நான். கேக்கல்ல."

முற்றத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அக்கா எழுந்து, இரண்டு அட்டையையும் மாமாவின் மகன் முன்னால் வைத்து, ஒரே மருந்து இரட்டிப்பாக உள்ளே போய்ச் சுகர் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று எளிமையாகச் சொன்னார். "டாக்டர் எழுதுகதுக்கு முன்ன, வீட்டுல வேற மாத்திரை உண்டான்னு கேட்டுச் சொல்லவேண்டியது எனக்க வேலை. அன்னைக்கு மழையில கூட்டம் நெறைய. நான் கேக்கல்ல. தப்பு எனக்க பக்கமாக்கும்."

மகன் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அப்போ நீதான் எங்கப்பாவக் கொன்ன!"

இரண்டு பேர் குறுக்கே பாய்ந்து அவரைப் பிடித்தார்கள். சபை ஆட்கள் ஒருபக்கமும் தாங்கல் ஆட்கள் ஒருபக்கமும் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் அன்று என்ன ஆகியிருக்குமோ. பணிவிடை அண்ணாச்சி நடுவில் வந்து, "இது அய்யாவுக்க முற்றம். எல்லாரும் இரிங்க" என்றார். அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகன் சுகாதார அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். விசாரணை வந்தது. அக்கா முற்றத்தில் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு டாக்டரம்மாவும் தானாகவே, "நானும் கேட்கவில்லை" என்று எழுதிக்கொடுத்தார். மண்டபம் பூட்டப்பட்டது. விசாரணை முடியும்வரை யாருக்கும் பிரஷர் பார்க்கக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு.

ஐந்து மாதம். அந்த மாதங்கள் எங்கள் வீட்டில் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். தெருவில் சிலர் அக்காவைக் கண்டால் மறுபக்கம் கடந்தார்கள். வாசலில் பைக் நின்றால் நான் ஓடிப்போய்க் கதவைத் தாழிடுவேன். மேலத்தெருவில் ஒரு பெரியம்மா மாத்திரை வாங்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டு, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனார். அதைக் கேட்ட அன்று அக்கா அடுக்களையில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுப்பவில்லை.

மறுநாள் ஒரு நோட்டோடு கிளம்பினார். உத்தரவை மீறவில்லை. யார் கையையும் தொடவில்லை. வீடுவீடாகப் போய், "உங்க வீட்டுல இருக்க மாத்திரைய எல்லாம் எடுத்து இந்தப் பாயில பரத்துங்க" என்று மட்டும் கேட்டார். கதவைச் சாத்தியவர்கள் உண்டு. "இன்னும் ஆளு கொல்லணுமா?" என்று ஒருவர் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அக்கா "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பரத்திக் காட்டியவர்களில் பதினொரு வீட்டில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது. பதினொரு பேரும் இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டை டாக்டரம்மா மேலதிகாரியிடம் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகுதான் அனுமதி திரும்ப வந்தது, சில நிபந்தனைகளோடு. அக்காவுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. இனி மருந்தை சுகாதார நிலையத்து மருந்தாளுநர் வந்துதான் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரைகள் முழுவதையும் கொண்டுவராத யாருக்கும் புதிய மருந்து கிடையாது. ஜங்ஷன் மருந்துக்கடைக்காரர், தான் விற்கும் அட்டையில் இது எந்த நோய்க்கு என்று தமிழில் எழுதி ஒட்ட ஒத்துக்கொண்டார். சபைக் கமிட்டி ஒரு வாக்கு வித்தியாசத்தில் சாவியைத் தந்தது.

திறந்த முதல் செவ்வாய்க்கிழமை. எட்டு மணிக்கு மேசை போட்டோம். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்கள் காலியாகத் திரும்பின. மருந்தாளுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா மேசை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு மாமி வந்தார். தனியாக, நடந்து வந்தார். மகன் போக வேண்டாமென்று போனில் சத்தம் போட்டதாகப் பிறகு தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை மேசையில் கவிழ்த்தார். மாத்திரைகள் கொட்டின.

"எல்லாம் இதுல உண்டும். நல்லாப் பாரு" என்றார். "பாத்துட்டு எனக்கு பிரஷர் எடு."

அக்கா பட்டையைக் கையில் எடுத்தார். சுற்ற முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. ஊழியப் பெண்தான் வாங்கிச் சுற்றினார். மாமி அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒன்ன மன்னிச்சேன்னு நெனைக்காத. எனக்கு வேற போக்கு இல்ல." அக்கா, "தெரியும் மாமி" என்றார். அடுத்த வாரம் பதினாறு பேர் வந்தார்கள்.

அதன்பிறகு அக்கா ஏழு வருடம் இருந்தார். மாமி ஒரு செவ்வாயும் தவறவில்லை.

அக்காவின் கடைசி மூன்று மாதம் ஈரலில் வந்த நோயோடு போனது. பெரிய ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கில்லை என்று சொன்னதும் வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்த டாக்டரம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து வலிக்கு மருந்து சொல்லிவிட்டுப் போனார். ஊழியப் பெண் தினமும் வந்து உடம்பு துடைத்துவிட்டார். ஆட்டோத் தம்பிமார் ஒருவர் மாற்றி ஒருவர் வாசலில் வண்டியோடு நின்றார்கள். தாங்கலிலிருந்து வடிகஞ்சி வந்தது. சபையார் மாலைதோறும் வந்து ஜெபித்தார்கள். மாமி வந்து கட்டிலருகே உட்காருவார். இருவரும் அதிகம் பேசியதில்லை. உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. பெயர் சொல்லாமல் விட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறப்பதற்கு ஐந்தாறு நாள் முன்பு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு மலர் போடுவியளா?"

"இப்ப என்னத்துக்கு அந்தப் பேச்சு?"

"போட்டா அந்த மாமா காரியத்தயும் எழுதணும். எழுதல்லன்னா போடாண்டாம். மாமிகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்க."

அச்சுக்குக் கொடுக்குமுன் மாமிக்கு இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னார். முடித்ததும், "அவளுக்க கை நடுங்குனதயும் எழுதியிருக்கியா?" என்று கேட்டார். "எழுதியிருக்கேன் மாமி" என்றேன். "அப்போ செரி" என்றார். பிறகு மகனின் துபாய் விலாசத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து என்னிடம் தந்தார். அந்த மகன் எங்களோடு இன்றுவரை பேசவில்லை. அதில் நியாயம் உண்டு. இந்த மலரின் முதல் பிரதி அவருக்குப் போகிறது.

அன்புடன்,
தங்கை