கிரகணத்தன்று வெட்டிய கிழங்கு

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்று மாதக் குழந்தை. தாய்ப்பால் போதாமல் விடிந்ததிலிருந்து ஒரே அழுகை. என் மனைவி காமாட்சிக்கோ எழுந்து நிற்கவே தெம்பில்லை.

குழந்தையின் இடது கையைத் துண்டால் மூடியிருந்தேன். பிறவியிலேயே அந்தக் கையில் விரல்கள் இல்லை. எங்கள் ஊர் ரெங்கம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான்... ஆனாலும் மூடினேன். ஏன் மூடினேன்?

அங்கே டாக்டர் மாதிரி வைத்தியம் பார்க்கும் டிரெஸர் அந்தோணி துண்டை விலக்கிப் பார்த்தார். "அழகான புள்ளைங்க" என்றார். "அம்மா சாப்பிடுறாங்களா?"

"செவ்வாயும் வெள்ளியும் விரதங்க. நான்தான் இருக்கச் சொன்னேன்."

"அலமாக், என்னங்க இது! ஜப்பான்காரன் வந்து அரிசி நின்னதிலேர்ந்து நாம எல்லாருமே தினமும் விரதந்தானே? இதுல தனியா வேறயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாசமாக இருந்தபோது கிரகண நேரத்தில் காமாட்சி மரவள்ளிக்கிழங்கு வெட்டியதைச் சொன்னேன். அந்த நேரத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு அங்கம் குறையும் என்பார்களே — அந்தப் பாவம் தீரத்தான் விரதம்.

"அப்ப எத்தனாவது மாசம்?"

"ஏழுங்க."

"கை, விரல் எல்லாம் ரெண்டாம் மாசத்துலயே உருவாகிடும்ங்க. ஏழாம் மாசம் எடுத்த கத்தி பின்னால போயா வெட்டும்?"

"அப்ப... ஏன் இப்படி?"

"பல நேரம் பெரிய டாக்டருங்களுக்கே காரணம் தெரியாது. ஆனா உங்க சம்சாரம் ஒரு தப்பும் செய்யல. மொதல்ல அவங்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்க லா!"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கிரகண நாளையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அன்று ஜப்பான்காரனுக்கு ரோடு போடும் வேலை முடிந்து வந்து, "பசி தாங்கல, கிழங்காச்சும் அவிச்சுப் போடு" என்றது யார்? நான்தானே! கிரகணம் என்று அவள் தயங்கினாள். நான் அதட்டினேன். இதை டிரெஸரிடம் சொன்னேனா? இல்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து நானே கிழங்கு அவித்து அவள் முன் வைத்தேன்.

"சாப்பிடு காமாட்சி. உன் மேல தப்பில்லையாம். டிரெஸர் சொல்லிட்டாரு."

ஒரு வாய்க் கிழங்கு எடுத்துப் போட்டுக்கொண்டாள். குழந்தையின் கையிலிருந்த துண்டை அவிழ்த்தாள். அந்தக் குட்டிக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"அவரு சொல்லலேன்னா என் மேலதான் தப்பா?"

செவ்வாயும் வெள்ளியும் இப்போது விரதம் என்னுடையது. என் பங்குக் கிழங்கு அவளுக்கு. முருகன் படத்தின் முன் உட்கார்கிறேன், எழுகிறேன், மறுபடி உட்கார்கிறேன்... அவள் என்னிடம் கேட்டதை நான் முருகனிடம் கேட்கிறேன்.