ஸ்டெல்லா அக்கா படத்தின் ஓரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியர் ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். அக்காவைத் தெரிந்தவர்கள் மன்னிப்பீர்கள். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

நான் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் நாள் முழுக்க வரிசையில் நிற்போம். ஒருநாள் என் முன்சக்கரத்துக்கு எதிரே ஒரு பழைய கதவைப் போட்டுவிட்டு அக்கா நின்றார். கதவு முழுக்கச் செதுக்கல். அதன்மேல் கறுப்பு மை, அதற்கும் மேல் மெல்லிய காகிதம்.

"வரிசை நகர்ந்தா இதும்மேல ஏத்து நைனா. அச்சு எடுக்கணும்."

"இன்னா படம்க்கா இது? எருமை மாதிரி கீது."

"படம்லாம் இல்ல, வெறும் கோடு. எருமை வேணும்னா உன் வண்டிக் கண்ணாடியில பாத்துக்கோ."

வரிசை நகர்ந்தது. நான் கோணலாக ஏற்றிவிட்டேன். சக்கரம் ஓரத்தில் மட்டும் ஏறி இறங்கியது. மீதியைக் கரண்டியின் முதுகால் தேய்த்தார். காகிதத்தை உரித்தால், டயர் அழுத்திய இடமெல்லாம் பட்டை பட்டையாக அடர்ந்த கறுப்பு. திட்டு விழும் என்று நின்றேன்.

"இந்த ஓரம்தான்டா படம். மீதி நான் சும்மா கிறுக்குனது" என்றார்.

மணலி ஆலைகளிலிருந்து வரும் நாற்றமும் முகத்தில் படியும் கரியும் அவருக்கு அருவருப்பு. "ஊரே நம்ம மூஞ்சில கரி பூசிக்கினு கீது. அதையே நான் காகிதத்துல பூசுனா அழகுன்றானுங்க. த்தூ" என்பார்.

நினைவுக் கூட்டத்தை நகரத்தின் மறுபக்கம், ஏசி அரங்கில் வைத்தார்கள். அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஓரம் இல்லை. ஏற்பாடு செய்தவரைக் கேட்டேன்.

"லாரி ஏறிக் கெட்டுப்போன பாகம் சார். ஃபிரேமுக்குள்ள அடங்கல. நீட்டா வெட்டிட்டோம்" என்று சிரித்தார்.

எண்ணூர் முகத்துவாரத்து எண்ணெய்ச் சேற்றில் கால் வைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. மேடையில் ஒருவர், வடசென்னையின் அழுக்கிலிருந்து அக்கா அழகைப் பிரித்தெடுத்தார் என்று பேசிக்கொண்டிருந்தார். பிரித்தெடுத்தது இவர்கள். வெட்டிய ஓரம் குப்பைத் தொட்டியில், டீக் கோப்பைகளுக்கு அடியில் கிடந்தது.

எடுத்தேன். மடித்துச் சட்டைக்குள் விட்டேன். அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது, அவர் படம் என்று சொன்ன அந்த ஒரு சாண் அகலம்தான்.

அந்நேரம் பார்த்து, இரண்டு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டார்கள். மேடையேறினேன். சட்டைக்குள்ளிருந்து டீ வடிந்தது. குனிந்து பார்த்தேன். அழுகிறேன் என்று நினைத்து முன்வரிசையிலிருந்து ஒருவர் கைக்குட்டை நீட்டினார். வாங்கி வயிற்றைத் துடைத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்தேன்.