சுற்றுலா விசாவில் பெரியம்மா வீட்டுக்கு

அம்மாவின் அக்கா கோத்தகிரியில் இருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பதிந்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டதால், கல்யாணமான கையோடு அவர்களுடன் கப்பலேறிப் போய்விட்டார். அம்மா அப்போது சின்னப் பிள்ளை. அதன் பிறகு இரண்டு பேரும் நேரில் சந்திக்கவே இல்லை. வாட்ஸ்அப் வந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் நாள் பேசவே இல்லை, அழுதார்கள்.

போன வருடம் பெரியம்மா படுக்கையில் விழுந்தார். வீடியோவில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்டி."

மறுநாளே அம்மாவும் நானும் பொகவந்தலாவை பஜாருக்குப் போனோம். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனபோது எடுத்த பாஸ்போர்ட் அம்மாவிடம் இருந்தது. போன், இன்டர்நெட் வேலைகள் செய்து கொடுக்கும் கம்யூனிகேஷன் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"விசா பெரிய வேலையில்லம்மா, இன்டர்நெட்லயே போடலாம். ஆனா பாஸ்போர்ட் முடியப் போகுதே. அங்க போய் எறங்குற அன்னைக்கு ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும்."

"இன்னும் நாலு மாசம் கெடக்கே தம்பி. நான் ஒரு வாரத்துல வந்துருவேனே!"

"இதோட போனா ஏர்போட்லயே திருப்பிடுவாங்கம்மா."

புது பாஸ்போர்ட் எடுப்பது அப்போது லேசான காரியமாக இல்லை. விண்ணப்பம் கொடுக்கத் திகதி கிடைப்பதற்கே வாரக்கணக்கில் காத்திருந்தோம். அந்த நாட்களில் அம்மா தினமும் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். "இந்தா வந்துர்றேன், இந்தா வந்துர்றேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மாவால் கடைசியில் பதில் பேச முடியவில்லை. போனை யாரோ அவர் காதருகே பிடித்திருப்பார்கள். மூச்சு மட்டும் கேட்கும்.

ஒருவழியாகக் கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை வாங்கினோம். திரும்பி வரும் வழியில், பஸ் கினிகத்தேனை மலையில் ஏறும்போது என் போன் அடித்தது. பெரியம்மாவின் மகள். அவள் அழுத அழுகையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஹட்டன் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

இனிப் பயணம் இல்லை என்றுதான் நினைத்தேன். காரியம் முடிந்த பிறகு ஒருநாள் அம்மாவே சொன்னார்.

"விசாவப் போடு."

"யாரப் பாக்கம்மா போறது?"

"அவ இருந்த எடத்தையாவது பாத்துட்டு வருவோம்."

எனக்கும் சேர்த்தே விண்ணப்பித்தோம். எதற்காகப் போகிறோம் என்று கேட்ட இடத்தில் கடைக்காரர் சுற்றுலா என்று போட்டார்.

"நான் என்னத்த சுத்திப் பாக்கப் போறேன்?" என்றார் அம்மா. கடைக்காரர் அடுத்த கட்டத்தை நிரப்பினார்.

திருச்சி விமான நிலையத்தில் அதிகாரி தமிழிலேயே கேட்டார். "எதுக்கு வந்திருக்கீங்க?"

"அக்காவப் பாக்க" என்றார் அம்மா. அவர் முத்திரை குத்தித் தந்தார்.

கோத்தகிரியிலும் தேயிலைதான், அதே குளிர்தான். பெரியம்மாவின் மகள் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. உள்ளே போய்க் கட்டிலைத் தடவிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் தல வச்சுப் படுப்பா?"

மகள் காட்டினாள். அம்மா அந்தப் பக்கமே தலை வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மகள் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள்.