ஐந்தருவி ரோட்டில் நாங்கள் வாங்காத வீடு

கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசம்தான் முதலில் வந்தது. அடுத்து, பின்பக்க ஜன்னல் வழியாகத் தூரத்து அருவிச் சத்தம்...

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த வீடு அது. ஆனி மாதம், நல்ல சாரல். புரோக்கர் அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டே, "பாத்தியா தங்கச்சி... இந்த வீட்டுக்கு ஃபேனே வேண்டாம்" என்றார்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. மகள் யாழினிக்கு நாலு வயது. கணவர் மாடசாமி பட்டாளத்தில், ராஜஸ்தான் பக்கம். லோன் கிடைத்ததும் வீடு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அவர் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல் ஊர். சின்ன வயதில் குடத்தோடு தண்ணீருக்கு அலைந்தவர். வேலைக்குப் போன இடமும் மணல். அதனால் போனில் ஒரே பேச்சுதான்.

"ஏட்டி செல்வி, எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். படுத்தா தண்ணிச் சத்தம் கேக்கணும். அவ்ளோதான்."

அதே அண்ணாச்சி காட்டிய இன்னொரு வீடு தென்காசியில், பெரிய கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று கேட்காமலே தெரியும். ஆனால் ஸ்கூல், ஆஸ்பத்திரி, மார்க்கெட் எல்லாம் நடக்கிற தூரம்.

வாட்ஸ்அப் இல்லாத காலம். என் கையில் பட்டன் போன். வீட்டை அவருக்குக் காட்ட வழியில்லை... நான் வாயால் சொல்வதுதான் அவருக்கு வீடு.

உள்ளதைச் சொன்னால், நானும் குற்றாலத்துக்குத்தான் சாய்ந்திருந்தேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று, சீசன் முடிந்த பிறகு, அண்ணாச்சியிடம் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

ரோடு காலி. சிப்ஸ் கடை, பழக்கடை எல்லாம் தார்ப்பாயைப் போட்டுக் கட்டிக் கிடந்தன. வீடு பூட்டியிருந்தது. அருவிச் சத்தம் மட்டும் அன்றும் கேட்டது. கொஞ்சம் மெலிந்து, ஆனால் தெளிவாக.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"வீடு பாக்கவா வந்திய? ஒங்க வீட்டுக்காரவ எங்கன இருக்காவ?"

"பட்டாளத்துல இருக்காவக்கா."

"அப்ப யோசிச்சுக்கோம்மா. சீசன்ல வாசல்ல வண்டியா நிக்கும், கேட்டத் தொறக்க முடியாது. சீசன் முடிஞ்சா ஏன்னு கேக்க ஆளு கெடயாது. ஒத்தைல பிள்ளய வச்சிக்கிட்டு இங்கன என்ன செய்வ?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே யாழினி பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தாள். தாடை கிழிந்து ஒரே ரத்தம். அந்த அக்காதான் ஓடிவந்து துணியை நனைத்து அழுத்திப் பிடித்தாள். ஆட்டோ இல்லை. அடுத்த பஸ் எப்போது என்று அவளுக்கும் தெரியவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். வெகு நேரம் கழித்து வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு லோடு ஆட்டோக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். தென்காசி வந்து நாலு தையல்.

மறுநாள் ராஜஸ்தானிலிருந்து அவருடைய போன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சின்னப் பிள்ளைன்னா விழத்தான் செய்யும். அதுக்காக வீட்ட விட்டுருவியா?"

"அங்கன இருக்கப் போறது நீங்களா, நானா?"

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

பிறகு கேட்டார். "சீசன் முடிஞ்சும் தண்ணிச் சத்தம் கேக்கா அங்க?"

"கேக்கல" என்றேன்.

பொய்.

"அப்பச் சரி. ஒனக்குத் தோதானத வாங்கு."

தென்காசி வீட்டையே வாங்கினோம். பால் காய்ச்சுக்குப் பத்து நாள் லீவில் வந்தார். ஒவ்வொரு ரூமாக நின்று பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் புரோக்கர் அண்ணாச்சியும் அவரும் வாசலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அருவிச் சத்தத்தைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிடுவாரோ என்று அடுக்களையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். ஆனால் லீவு முடிந்து ரயில் ஏறும்வரை அவர் எதுவும் கேட்கவில்லை...

ஏழு வருடம் கழித்துப் பென்ஷனோடு வந்து சேர்ந்தார். ஒரு நாள் மத்தியானம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, ஏனோ நானாகவே சொன்னேன்.

"அந்தக் குத்தாலத்து வீட்ல சத்தம் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

"தெரியும். பால் காய்ச்சு அன்னைக்கே அண்ணாச்சி சொல்லிட்டாரு."

"பெறகு ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்க... நீ பொய் சொல்லுத ஆளா? அப்படியும் சொல்லுதன்னா, அங்கன இருக்க எம்புட்டு பயந்திருப்ப. அதான் விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து அவரும் உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்று ஐந்தருவி ரோட்டில் நின்று போனை அமுக்கினால் ஆட்டோ வருகிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இலஞ்சியைத் தாண்டியும் வீடுகள் வந்து, ஊரும் ஊரும் ஒட்டப் பார்க்கின்றன. நாங்கள் வாங்காத அந்த வீடு மாடி ஏறி லாட்ஜாகிவிட்டது. யாழினி கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். நடக்கிற தூரத்து ஸ்கூலுக்கு நடந்து போக எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

அன்று நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட இன்று செல்லாது. இப்போது அதே இரண்டு வீட்டையும் காட்டினால் நானே குற்றாலம் என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வயது இருபத்தெட்டு, இடுப்பில் ஒரு பிள்ளை.

போன வாரம் சும்மா அவரிடம் கேட்டேன்.

"இப்ப அந்தப் பக்கம் ஒரு வீடு வந்தா போவமா?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"இம்புட்டுச் சாமானையும் யாரு தூக்க?"